ஊரிலிருந்து வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலா?

காரைக்குடிப் பக்கமிருந்து நியூ ஜெர்சிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு பேங்க் கணக்கு, லைசென்ஸ் பற்றியெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். உண்ணிக் காய்ச்சலைப் (ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ்) பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் அம்மான் மகன் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் ஊரில் முன்னோருக்குப் படைப்பு. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த பெரிய வீடு. பின்கட்டுக்கு வெளியே கருவையும் புல்லும் இடுப்பளவு. ஆள் கிடைக்கவில்லை என்று அவனே கைலியோடு இறங்கி வெட்டினான். இங்கே வந்த நாலாம் நாள் காய்ச்சல், மண்டையைப் பிளக்கிற தலைவலி. ஒரு கிளினிக்கில் ஃப்ளூ, கோவிட் இரண்டும் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் கொடுத்தார்கள். அது இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அப்புறம் ஒருநாள் குளிக்கும்போதுதான் பார்த்தான்: கைலி முடிச்சுக்குக் கீழே பட்டாணி அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடி நெருப்புப் பட்டதுபோல இருந்தது, வலியே இல்லை. அதைக் காட்டிய பிறகுதான் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

பெயர்தான் உண்ணி. மாட்டிலும் நாயிலும் ஊதிக் கிடக்குமே, அது இல்லை. புதரில் எலிகளை அண்டி வாழும் மைட் என்னும் நுண்பூச்சியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர்தான் இருக்கும், கடித்ததே தெரியாது. காய்ச்சல் பெரும்பாலும் 10 நாளுக்குள் வரும், சிலருக்கு 3 வாரம்கூட ஆகும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

இங்குள்ள டாக்டர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். "தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறேன், புதர் வெட்டினேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா?" என்று நீங்களே கேளுங்கள். கூச்சம் வேண்டாம். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி எல்லாம் பாருங்கள். பொருக்கு இல்லாமலும் வரும். கர்ப்பிணிகள் அதையும் சொல்லிவிடுங்கள், மருந்து மாறும்.

இங்கே அமெரிக்காவில் உள்ள உண்ணி வேறு. மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். ஒட்டியிருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நாய்க்குத் தடவுவதுபோல மண்ணெண்ணெய் தடவ வேண்டாம். லைம் நோய்க்கும் பெரும்பாலும் அதே டாக்ஸிசைக்ளின்தான், வேடிக்கை!

அடுத்த முறை ஊரில் வீடு ஒதுங்க வைக்கப் போனால் முழுக்கால் சட்டை, சாக்ஸ், டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டித் தைலம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளியல். கழற்றிய துணியை வீட்டுக்குள் வளவில் போடாமல் நேரே வெந்நீரில் ஊறவையுங்கள்.