சாந்தியாகோ பாதையில் இரவுச் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்ஸ் எல்லையிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை சுமார் 780 கிலோமீட்டர் யாத்திரைப் பாதையை நடக்க, இப்போது நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். திருச்செந்தூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து பழகிய கால்கள். நடையில் குறை சொல்ல முடியாது. சிக்கல் இரவுச் சாப்பாட்டில்தான். பாதையை நடந்து முடித்தவர்கள் அங்குள்ள யாத்திரிகர் விடுதிகளில் இரண்டு வாரம் தொண்டு செய்யலாம். அப்படிப் போய் நிற்கும்போதெல்லாம் நம்மவர்கள் அதே தவறுகளைச் செய்வதைப் பார்க்கிறேன். முள்கரண்டி பிடிப்பதையெல்லாம் பேசப்போவதில்லை. அதை அங்கே யாரும் கவனிப்பதில்லை.

மேசைக்கு நேராக வந்து உட்காருவது

கிரான்யோன் என்ற சிற்றூரில் தேவாலயத்தை ஒட்டி ஒரு விடுதி உண்டு. தரையில் மெத்தை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே சாப்பாடு. இத்தகைய விடுதிகளில் காய் நறுக்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை தங்குபவர்களும் கைகொடுப்பார்கள். ஏழரைக்குச் சாப்பாடு என்றால் ஆறு மணிக்கே அடுக்களை நிறைந்துவிடும். நம்மவர்களோ கல்யாணப் பந்தி போல, இலை போட்ட பிறகு போனால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

அந்த ஆறு மணிக்கு அவர்கள் கையில் இருப்பது கைப்பேசி. கோடையில் ஸ்பெயின் நமக்கு மூன்றரை மணி நேரம் பிந்தியது. அங்கே ஆறு என்றால் வள்ளியூரில் ஒன்பதரை, பேரப்பிள்ளைகள் தூங்கப்போகும் நேரம். வீட்டு முகங்களைப் பார்க்கும் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு அழைத்தால் ஊரில் மாலை ஐந்தரை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். எத்தனை பேரிடம் சொல்லியும் இது நடப்பதில்லை என்பது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

“அண்ணாச்சி, அடுக்களைக்கு வாருங்கள்” என்று ஒருவரைக் கூப்பிட்டேன். “பேத்தியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன்” என்றார். ரொட்டி வெட்டும்போதுதான் வந்தார். உருளைக்கிழங்கு உரித்தவர்கள் உரித்த வரிசையிலேயே அமர்ந்திருந்தார்கள். மேசைக் கோடியில் அவருக்கு ஓர் இடம். யாரும் அவரை ஒதுக்கவில்லை, ஆனால் பாதிப் பேச்சில் வந்தவருக்கு எதுவும் பிடிபடவில்லை. அடுத்த ஊரில் திருவிழா, படுக்கை கிடைக்காது என்று ஓர் இத்தாலியப் பெண் அடுக்களையில் சொல்லியிருக்கிறார். நாலைந்து பேர் சேர்ந்து வேறொரு சிற்றூரில் தனியார் விடுதிக்குத் தொலைபேசியில் பதிவு செய்துவிட்டார்கள். அண்ணாச்சி மறுநாள் திருவிழா ஊருக்குப் போய், இடமில்லாமல், கொப்புளக் காலோடு உச்சி வெயிலில் மேலும் நடந்திருக்கிறார். மாலையில் அவர் அழைத்துச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும்.

தென்காசி அக்கா ஒருவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அடுக்களைக்குள் வந்தவர் பூண்டைக் கண்டார். கத்தியின் பட்டையான பக்கத்தால் ஒரு தட்டு, தோல் கழன்றது. எதிரே நகத்தால் உரித்துக்கொண்டிருந்த ஜெர்மன் இளைஞர் தன் பங்கு முழுவதையும் அவர் முன்னால் நகர்த்திவிட்டுச் சிரித்தார். சாப்பாட்டில் அக்காவுக்கு இடம் பிடித்துவைத்தது அவர்தான். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள்.

சைவம் என்பதைத் தட்டு வந்த பிறகு சொல்வது

பருப்பு சூப் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் பன்றித் தொத்திறைச்சி கிடக்கலாம். சாலடில் டூனா மீன் இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்பது மட்டும் போதாது. படுக்கைக்குப் பெயர் பதியும்போதே பன்றி, கோழி, மீன் எதுவும் வேண்டாம் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள்.

ஒயினை மறுக்கக் காரணம் சொல்வது

தண்ணீர்க் கோப்பையை உயர்த்துங்கள். போதும்.

“ஏன் நடக்கிறீர்கள்?” என்று முதலிலேயே கேட்பது

இன்று எங்கிருந்து நடந்தீர்கள், கால் எப்படி இருக்கிறது என்று தொடங்குங்கள். மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவரும் அந்த மேசையில் இருப்பார். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார். சம்பளமும் கல்யாணமும் அதைவிட மோசமான கேள்விகள்.

காணிக்கைப் பெட்டியைக் கடந்து போவது

கட்டணம் எழுதியில்லாத விடுதி இலவச விடுதி அல்ல. இன்று பெட்டியில் விழும் பணத்தில்தான் நாளைக்கு வருபவர்களுக்கு அரிசியும் பருப்பும் வாங்குகிறோம். சாப்பாடும் படுக்கையும் வெளியே என்ன விலை என்று தெரியும். அதை நினைத்துப் போடுங்கள்.

பத்து மணிக்குப் பிறகும் பேச்சை நீட்டுவது

விளக்கை அணைத்துவிடுவோம். விடியுமுன் கிளம்புகிறவர்கள் தூங்க வேண்டும். மிச்சப் பேச்சுக்குப் பாதை இருக்கிறது.