கை வெட்டிக்கொண்டால் காபித்தூள் வேண்டாம்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் விரலில் துணி சுற்றியிருப்பார். எனக்கும் போன வருஷம் ஊறுகாய்க்குக் கிளிமூக்கு மாங்காய் நறுக்கும்போது அரிவாள்மனை பதம் பார்த்துவிட்டது, அத்தை காபித்தூள் டப்பாவோடு ஓடி வந்தார். தூள் போட்டால் புண்ணில் அழுக்குதான் சேரும்.

ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று எடுத்துப் பார்க்காதீர்கள். ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ரத்தக்குழாய் சுருங்கி, ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓட்டையில் போய் ஒட்டிக்கொள்ள, த்ராம்பின் என்ற நொதி ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை ஃபைப்ரின் நூலாக்கி அதன்மேல் வலை பின்னுகிறது, துணியை இழுத்தால் வலையும் பிய்ந்து வரும். அப்புறமும் நிற்காவிட்டால், வெட்டு ஆழமாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிற்க நேரமாகும், டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசியும் கேளுங்கள்.

சரி, உறைந்தது எப்படிக் கரைகிறது? ரத்தக்கட்டி உருவாகும்போதே பிளாஸ்மினோஜென் என்ற ரத்தப் புரதம் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. குழாய்ச் சுவர் ஆறும்போது அது பிளாஸ்மின் என்ற நொதியாக மாறி, ஃபைப்ரின் நூல்களைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. மேலே காய்ந்த பொருக்கு தானாக உதிரும், பிய்க்காதீர்கள்.

வெட்டே இல்லாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் கதை வேறு, உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், எண்ணெய் போட்டு உருவாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.