மண்ணை விட்டதும் பூத்த ஆர்க்கிட்

சென்னை வீட்டு பால்கனியில் நான் முதலில் வைத்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இரண்டே மாதத்தில் போய்விட்டது. தப்பு என்னுடையதுதான்: செம்மண், தொழுவுரம், தினமும் தண்ணீர். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகக் குழைந்திருந்தது. மரத்தில் தொற்றி வளரும் செடிக்கு மண் எதற்கு?

சரி என்று அடுத்து டென்ட்ரோபியம் என்ற இன்னொரு வகை ஆர்க்கிட் வாங்கினேன். எங்கள் ஊர் வெக்கையைத் தாங்கும். பக்கவாட்டில் ஓட்டைகள் உள்ள சின்னத் தொட்டி, மரக்கரி, உடைந்த ஓட்டுச் சில்லு, அவ்வளவுதான். காலை வெயில் நேராகப் படும். மதியத்துக்கு 50 சதவீத நிழல்வலை. வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீர். பச்சையாக இருந்தால் அன்றைக்கு விடுமுறை. இலை உதிர்ந்த பழைய தண்டை வெட்ட அம்மா கத்தியோடு வந்தார், நல்லவேளை தடுத்தேன். அதிலும் பூ வரும்! ஏழாம் மாதம் ஊதாக் கொத்து. ஒரு மாதம் வாடவில்லை. இப்போது வாண்டா ஆர்க்கிட் மேல் கண்.