ஒரு கண்மாயைப் பல துறைகள் சேர்ந்து ஆராய்வது எப்படி?

நம் கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் பல்துறை ஆய்வு என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை, நான்கு துறையினர் தனித்தனியே எழுதிய நான்கு அறிக்கைகளை ஒரே அட்டைக்குள் தைத்துக் கொடுப்பதோடு முடிந்துவிடுகின்றன. வேதியியல் மாணவர் நீரின் அமில காரத் தன்மையைக் கணக்கிடுகிறார். வரலாற்று மாணவர் கோயில் கல்வெட்டைப் படிக்கிறார். பொருளியல் மாணவர் வினாப் பட்டியலோடு வீடு வீடாகப் போகிறார். ஆனால் ஒருவர் கண்டறிந்தது மற்றவருடைய முடிவை எந்த இடத்திலும் மாற்றுவதில்லை. அப்படி மாறும் வகையில் ஓர் ஆய்வைத் திட்டமிடுவது எப்படி என்பதை, தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 என்று கணக்கிடப்பட்டுள்ள ஏரிகள், கண்மாய்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கும் முறையாக இங்கே விளக்குகிறேன்.

முதலில் தலைப்பைத் தேடாமல் கேள்வியைத் தேடுங்கள். "கண்மாயின் இன்றைய நிலை" என்பது தலைப்பு. அதன் கீழ் யாரும் எதையும் எழுதிவிடலாம். "கண்மாய் நிரம்பி மறுகால் பாயும் ஆண்டிலும், வாய்க்காலின் கடைசியில் உள்ள கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் ஏன் எட்டுவதில்லை?" என்பது கேள்வி. இதற்கு வாய்க்காலின் சரிவு, மண்ணின் தன்மை, மடையைத் திறப்பவரின் அதிகாரம், நிலம் கைமாறிய வரலாறு ஆகிய எல்லாமே விடையின் பகுதிகளாக இருக்கக்கூடும். நீங்கள் தேர்ந்த கேள்விக்கு ஒரே துறை தனியாக விடை சொல்லிவிட முடியும் என்றால் அதை அந்தத் துறைக்கே விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது நல்லது. கேள்வியை ஆசிரியர் அறையில் எழுதாமல், ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு) விவசாயிகளிடம் ஒரு மாலை பேசியபின் எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜூன் மாதத்திலேயே தொடங்குவது நம் கல்வியாண்டுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் பொருந்தி வரும். கண்மாய் வறண்டிருக்கும் ஜூன், ஜூலையில் உள்வாயின் (நீர் தேங்கும் பரப்பின்) மட்டத்தையும் வண்டல் படிவையும் அளந்துவிடலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீர்வரத்தைக் கவனிக்கலாம். தை, மாசியில் பாசனத்தைப் பின்தொடரலாம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருப்பதால் அனுமதிக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீச்சல் தெரிந்தவராயினும் எந்த மாணவரும் நீருக்குள் இறங்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்து, எல்லாத் துறையினருக்கும் ஒரே வரைபடம், ஒரே களக் குறிப்பேடு, ஒரே அலகு அட்டவணை வேண்டும். 1:50,000 அளவிலான இந்திய நில அளவைத் துறை வரைபடம், வருவாய்த் துறையின் புல வரைபடம், இஸ்ரோவின் புவன் தளத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மடைகள், உபரிநீர் வழியும் கலிங்கு, நீர் கொண்டுவரும் வரத்துக்கால், கிணறுகள் அனைத்துக்கும் எண் கொடுங்கள். அதன்பின் எந்தத் துறைக் குறிப்பும் அந்த எண்ணும் தேதியும் நேரமும் இல்லாமல் ஏட்டில் ஏறக் கூடாது. அலகு அட்டவணை அற்பமாகத் தோன்றினாலும் அதில்தான் பல ஆய்வுகள் தடுமாறுகின்றன. பொறியாளர் கனமீட்டரில் பேசுவார், விவசாயி "எங்களுக்கு ரெண்டு நாள் முறை" என்று நேரத்தில் பேசுவார், ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஹெக்டேர் இருக்கும், ஊரில் குழிக் கணக்கு இருக்கும். குழியின் அளவோ வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கனமீட்டர், அதாவது 10,000 லிட்டர் என்ற ஒரே சமன்பாட்டைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும்.

துறைகள் உண்மையில் ஒன்றையொன்று தொடும் இடம் வாய்க்கால்தான் என்பதால் அங்கே அதிக நேரம் செலவிடுங்கள். மடையிலிருந்து சற்றுத் தள்ளி, வாய்க்கால் நேராக ஓடும் 10 மீட்டர் தூரத்தை இரு குச்சிகளால் குறித்துக்கொள்ளுங்கள். எலுமிச்சம்பழம் போன்ற, பாதி மூழ்கி மிதக்கும் பொருளை விட்டு, அது அந்தத் தூரத்தைக் கடக்கும் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி எடுங்கள். வாய்க்காலின் அகலம் 0.8 மீட்டர், நீரின் ஆழம் 0.3 மீட்டர், மிதவை எடுத்துக்கொண்ட நேரம் 25 வினாடி என்று வைத்துக்கொண்டால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அடியிலும் கரையோரத்திலும் நீர் மெதுவாக ஓடுவதால் இதை 0.85 ஆல் பெருக்கி, குறுக்குப் பரப்பாலும் பெருக்கினால் வினாடிக்குச் சுமார் 82 லிட்டர் வருகிறது. இதே அளவீட்டை, இடையில் எந்த வயலுக்கும் நீர் திருப்பப்படாத ஒரு நாளில், ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிச் செய்து அங்கே 50 லிட்டர்தான் இருந்தால், வினாடிக்கு 32 லிட்டர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27.6 லட்சம் லிட்டர் வழியில் மறைந்திருக்கிறது.

பொறியியல் இதை இழப்பு என்று எழுதி, வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசப் பரிந்துரைத்து நிறுத்திவிடும். அந்த இடத்தில் வேதியியல் மாணவரை அழையுங்கள். மடை திறப்பதற்கு முன்னும் பின்னும் வாய்க்காலோரக் கிணறுகளிலும், தள்ளியுள்ள சில கிணறுகளிலும் நீர்மட்டத்தையும், நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறனையும் வாரம் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மழை பெய்யாத நாட்களிலும் ஓரக் கிணறுகளில் மட்டம் உயர்ந்து உப்பு குறைந்து, தள்ளியுள்ள கிணறுகளில் மாற்றம் இல்லையென்றால், மறைந்த நீர் கிணற்றுக்குப் போகிறது என்று கருத வலுவான காரணம் உண்டு. இனிப் பொருளியல் மாணவரின் முறை: அந்தக் கிணறுகள் யாருடையவை, அவற்றிலிருந்து எத்தனை ஏக்கர் பாய்கிறது, கடைமடைக்காரருக்குக் கிணறு உண்டா? கடைமடை இழந்ததும் கிணற்றுக்காரர் பெற்றதும் ஒரே தண்ணீராக இருக்கலாம் என்பது இந்த மூன்று குறிப்புகளையும் ஒரே வரைபடத்தில் வைத்த பிறகுதான் புலப்படும். சிமென்ட் பூசும் பரிந்துரையும் அப்போது அவ்வளவு எளிதாக வாயில் வராது.

வண்டலையும் இப்படியே அணுகலாம். 40 ஹெக்டேர் நீர்ப்பரப்பில் 10 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 40,000 கனமீட்டர் கொள்ளளவு போய்விடுகிறது என்பது எளிய கணக்கு. ஆனால் தூர்வாருவதாகச் சொல்லி மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், அந்தப் பள்ளத்தில் நிற்கும் நீர் மடை வழியே வெளியேறாது. ஆடுமாடுகளுக்கும் மீனுக்கும் உதவலாம், வயலுக்குத் தானாகப் பாயாது. எனவே வண்டலை அளக்கும் நாளில் மடையின் அடிமட்டத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

வரலாற்றுத் துறையை முன்னுரை எழுதுவதற்காக மட்டும் சேர்த்துக்கொள்வது வீண். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்ததைச் சொல்கின்றன என்று எல்லா அறிக்கைகளிலும் ஒரு பத்தி வரும். அது உங்கள் கண்மாயைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குப் பதிலாக, உங்கள் ஊர் மடைத்தூணிலோ கலிங்கிலோ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முன்பே படியெடுக்கப்பட்டதா என்பதை, 1887 முதல் வெளிவரும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் தேடுங்கள். கல்லில் சுண்ணாம்போ எண்ணெயோ பூசாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்தாலே போதும். மடை எப்போது கட்டப்பட்டது, எப்போது இடம் மாற்றப்பட்டது, பழைய ஆயக்கட்டின் எல்லை எது என்பவையே உங்கள் கேள்விக்குத் தேவையான செய்திகள்.

நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பர் என்று ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயரில் அழைக்கப்படும், மடை திறந்து நீர் பங்கிடும் பெரியவர் இன்னும் இருந்தால் அவரிடம் வினாப் பட்டியலை நீட்ட வேண்டாம். மாணவரை அவரோடு ஒரு பாசன முறை முழுவதும் நடந்து போய், எந்த மடையை யார் சொல்லித் திறக்கிறார், யாருடைய வயலில் வாய்க்கால் நின்றுவிடுகிறது என்பதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். அங்கே சாதியும் நில உரிமையும் பேச்சில் வரும். பெயர்களை அறிக்கையில் குறிப்பிடாமல் புல எண்களையும் மறைத்து எழுதுவது ஆய்வாளரின் கடமை.

வகுப்பறை ஏற்பாட்டில் இரண்டு விஷயங்களில் கறாராக இருங்கள். வாரம் ஒருமுறை, தொடர்ந்து இரண்டு பாடவேளை, எல்லாத் துறை மாணவர்களும் ஒரே மேசையில் அமர வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொல்வதைவிட, வேறொருவரின் அளவீட்டால் தம் முடிவில் மாறியது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வை நடத்துபவர் வேறு துறை ஆசிரியராக இருக்க வேண்டும். கல்வெட்டு படித்தவருக்கு நீரோட்டக் கணக்கும், நீரோட்டம் அளந்தவருக்குக் கிணற்று உரிமையும் தெரியவில்லையென்றால் மதிப்பெண் குறையட்டும். அறிக்கையை இயல்களாகத் துறைவாரியாகப் பிரிக்காமல், மடையில் தொடங்கிக் கடைமடை வரை இடவாரியாக எழுதச் சொன்னால் ஒட்டுப்போட்ட அறிக்கைக்கு இடமே இராது.

முடிவுகளை நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம் தமிழில், ஒரு வரைபடமும் நான்கு பக்கமுமாகக் கொடுங்கள்; அவர்கள் மறுக்கும் இடங்களைத் திருத்திய பின்னரே துறைத் தலைவரிடம் சமர்ப்பியுங்கள். மூலக் குறிப்பேட்டையும், மட்டம் எடுத்த நிலையான கல் எது என்று காட்டும் படத்தையும் நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஜூனில் வரும் மாணவர்கள் அதே கல்லிலிருந்து அளந்தால்தான் ஒரு மழைக்காலத்தில் எவ்வளவு வண்டல் சேர்ந்தது என்பது தெரியவரும்.