கம்பி பிரஷ்ஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

போன மாதம் கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிறிய சிவன் கோயிலுக்கு உழவாரப் பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்யும் தொண்டுக்குப் போயிருந்தோம். புதிதாக ஏழெட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து, ஒரு டீயோடு வேலையில் இறங்கிய நல்ல பிள்ளைகள். அதில் ஒரு தம்பி பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். 18 வருடத்துக்கு முன்னால் என் கையிலும் அதே பிரஷ் இருந்தது. அன்றைக்கு யாரும் ஓடி வரவில்லை.

கையுறை போடுங்கள், புதரில் பாம்பு பார்த்துக் கை வையுங்கள் என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பெரிய தொண்டு எது என்று தேடுவது

எங்கள் குழுவில் ஒரு அக்கா. அவர் கட்டும் பூச்சரம் எத்தனை முழம் போனாலும் ஒரே சீராக இருக்கும். பூ கட்டுவதெல்லாம் ஒரு தொண்டா என்று தானே நினைத்துக்கொண்டு மண்வெட்டியைப் பிடித்தார். இரண்டே மாதத்தில் முதுகு பிடித்துக்கொண்டு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பேசித்தான் கூட்டி வந்தோம்.

நாயன்மார்களைப் பாருங்கள். முருக நாயனார் திருப்புகலூரில் பூத்தொடுத்தார். ஆனாயர் குழல் ஊதினார். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்தார். அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரம். அவரவர் கைக்கு வந்த வேலையைத்தான் செய்தார்கள். உங்களுக்குச் சமைக்கப் பிடிக்குமா? வேலை செய்பவர்களுக்குச் சோறு வேண்டும், வாருங்கள்.

அனுமதி

கோயில் செயல் அலுவலரிடமும் குருக்களிடமும் முந்தின வாரமே கேளுங்கள்.

கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று எழுத்தை அழிப்பது

கருங்கல்லில் வருடக்கணக்காக அடித்த சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, பாசி. தேய்க்கத் தேய்க்க உள்ளே இருக்கும் கல்லின் நிறம் தெரியும். அதைப் பார்ப்பதில் ஒரு ருசி உண்டு. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதே அந்த ருசியால்தான். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது, பிடித்த வேலையில் கை நிற்காது.

18 வருடத்துக்கு முன்னால் அன்றைக்கு நான் தேய்த்தது கருவறைச் சுவருக்குக் கீழே, அதிட்டானம் என்கிற அடிப்பீடத்தில் உருண்டு நீளமாக வருமே, குமுதம், அந்தப் பகுதி. இரும்புச் சுரண்டியால் சுண்ணாம்பைப் பெயர்த்தேன். பிறகு கம்பி பிரஷ், அப்புறம் கொஞ்சம் ஆசிட். மூன்று மணி நேரத்தில் கல் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லோரும் பாராட்டினார்கள்.

சாயங்காலம் அந்த ஊர்த் தமிழாசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், டார்ச்சோடு வந்தார். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தார். வெறும் கல் என்று நான் நினைத்திருந்த இடத்தில் எழுத்துகள் நிழல் கட்டி எழுந்தன. விரல் வைத்து வாசித்தார். ஒரு திருநந்தா விளக்கு, அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அதற்காக விட்ட சாவா மூவாப் பேராடு 96. நாள்தோறும் உழக்கு நெய். செத்த ஆட்டுக்கும் கிழட்டு ஆட்டுக்கும் பதிலாகக் குட்டிகள் வந்து சேர்ந்து கணக்குக் குறையாமல் இருக்கும், அதனால்தான் சாவா மூவா என்று விளக்கினார். இப்படி ஆடு விட்டு விளக்கு வைத்த கல்வெட்டுகள் சோழர் காலக் கோயில்களில் நிறைய உண்டு.

யார் வைத்த விளக்கு என்று கேட்டேன். அவர் விரல் வரியில் பின்னோக்கி நகர்ந்து, நான் தேய்த்த இடத்துக்கு வந்தது. அங்கே எழுத்து இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டார்.

சந்திரனும் சூரியனும் உள்ளவரை எரிய வேண்டும் என்று ஒருவர் செய்த தொண்டு அது. அத்தனை நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் நின்ற அவர் பெயர், என் கையில் ஒரு பகல் தாங்கவில்லை.

இதை எத்தனை முறை சொன்னாலும், "லேசாகத்தான் தேய்த்தோம் ஐயா" என்று முன்னும் பின்னும் எடுத்த படங்களை அனுப்புகிறார்கள். பார்க்கும்போது இன்னும் எரிச்சல் வருகிறது. கல்வெட்டில் லேசாக என்று ஒன்று கிடையாது. மெஷின் வைத்து மணல் பீய்ச்சுவது இதைவிடக் கொடுமை. கல்லின் மேல்தோல் போய்ச் சொரசொரப்பாகிவிடும். அதில் அழுக்கும் ஈரமும் முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும்.

சுண்ணாம்பு இருந்தால் இருக்கட்டும். அது எழுத்தை மூடித்தான் இருக்கிறது, அழிக்கவில்லை. தூசிக்கு மென்மையான நார் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். எழுத்து கண்ணில் பட்டால் கையை எடுத்துவிட்டுப் போட்டோ எடுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். அவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒற்றி, மை தட்டிப் படியெடுப்பார்கள். மழுங்கின கல்லில் படி விழாது.

கேட்காமல் செடியைப் பிடுங்குவது

பிராகாரத்தில் நாம் களை என்று நினைக்கிற தும்பையும் எருக்கும் குருக்களுக்கு அர்ச்சனைப் பூ. ஒருமுறை மொத்தத்தையும் பிடுங்கிக் குவித்துவிட்டோம். மறுநாள் பூஜைக்கு அவர் பூத்தேடி வரப்பு வரப்பாக அலைந்திருக்கிறார்.

உற்சவர் திருமேனி

தொடாதீர்கள். புளியும் வேண்டாம், பவுடரும் வேண்டாம்.

குப்பையைத் தெருவில் விட்டுவிட்டு வருவது

கோயிலுக்கு நாம் மாதம் ஒரு ஞாயிறு வருகிறவர்கள். அந்தத் தெருக்காரர்கள் தினமும் அங்கேயே இருப்பவர்கள். வெட்டிய சீமைக்கருவேல முள்ளை ஒரு சந்து முனையில் குவித்துவிட்டு, சாமி கும்பிட்டு, திருப்தியாக பஸ் ஏறிவிட்டோம். அந்த வழியாக ஆடு ஓட்டிப் போகிற ஒரு பாட்டிக்குக் காலில் முள் ஏறிச் சீழ் வைத்துவிட்டது. தினமும் கோயில் வாசலைக் கூட்டிக் கோலம் போடுகிறவர் அவர்தான். மன்னிப்புக் கேட்கப் போன எங்களுக்கு மோர் கொடுத்தார். அப்போதிருந்து டிராக்டருக்கு ஏற்பாடு செய்யாமல் அரிவாளை எடுப்பதில்லை.

அந்தத் தம்பியிடம் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு டார்ச்சைக் கொடுத்தேன். பக்கவாட்டில் எப்படி அடிப்பது என்று காட்டிவிட்டுப் புல் செதுக்கப் போனேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தபோதும் குமுதத்தின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கல்லைத் தொடாமல் விரலை அருகில் கொண்டுபோய், "ஐயா, இது ட தானே?" என்றார். குனிந்து பார்த்தேன். ட தான்.