ரிவர்சைடு பூங்காவின் நினைவுக்கல்லைக் காணச் செல்வோருக்கு

நியூயார்க்கில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் தங்கிவர வேலூரிலிருந்து புறப்படும் பெற்றோர், ஹட்சன் ஆற்றோரமுள்ள ரிவர்சைடு பூங்காவின் யூதர் நினைவுக்கல்லைக் காண ஒரு காலைப்பொழுதை அவசியம் ஒதுக்க வேண்டும். 1ஆம் எண் சுரங்க ரயிலில் 86ஆம் தெருவில் இறங்கி, ஆற்றை நோக்கி மேற்கே நடந்து, 83ஆம் தெரு அருகே பூங்காவின் நடைபாதைக்கு வரலாம்.

வேலூர் மக்கான் பகுதியில் 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு நிற்கும் தூணைப் போல உயர்ந்த ஒன்றைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஏனெனில் தாழ்ந்த இரும்பு வேலிக்குள் தரையில் பதித்த கருங்கல் பலகைதான் நினைவிடம். போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதியில் 1943 ஏப்ரல் 19 அன்று நாஜிப் படையை எதிர்த்து எழுந்தவர்களுக்கும், ஐரோப்பாவில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களுக்கும் இவ்விடத்தில் நினைவுச் சின்னம் எழுப்பப்படும் என்று அறிவித்து, 1947 அக்டோபரில் இக்கல்லைப் பதித்தார்கள். அச்சின்னம் கட்டப்படவேயில்லை. கல்லுக்கடியில் தெரெசின், செரெட் வதைமுகாம்களின் மண் இரு பெட்டிகளில் வைக்கப்பட்டிருப்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி அழைத்துச் செல்வது நல்லது. தெரியாமல் போனால், அவர்கள் ஓடிக் கடந்துவிடுவார்கள்.

வேலியைத் தாண்டி மிதிக்கக் கூடாது. சிரித்தபடி செல்ஃபி எடுப்பதும் தகாது. மலர்மாலைக்கு அலைய வேண்டாம். யூதர் வழக்கப்படி ஒரு கூழாங்கல்லை வேலியோரம் வைத்தால் போதும். ஏப்ரல் 19 அன்று ஆண்டுதோறும் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழி பேசுவோர் இங்கே கூடுகிறார்கள். அன்று செல்ல வாய்த்தால், பின்வரிசையில் நின்று முடியும்வரை கேளுங்கள்.