ஏடிஎச்டி உள்ளவரோடு வீடு நடத்துவது எப்படி

என் கணவருக்கு நெல்லை டவுனில் மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன தண்ணி மோட்டாரைப் பிரித்து, காயில் (கம்பிச் சுருள்) கட்டி, வார்னிஷ் ஊற்றி ஓடவிடுவதில் அவருக்கு இணையாக அந்தத் தெருவில் ஆள் இல்லை. அதே மனிதர் முடித்த வேலைக்குப் பணம் கேட்க மறப்பார். கையில் காசு இருந்தும் கரண்ட் பில் கட்ட மறப்பார். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் இது ஏடிஎச்டி, அதாவது கவனச் சிதறலும் துறுதுறுப்பும் சிறுவயதிலிருந்தே கூட வருகிற மூளையின் இயல்பு என்று மனநல மருத்துவர் சொன்னார். இப்படி ஒருவரோடு வாழ்கிற மனைவியோ கணவனோ அம்மாவோ படிக்கட்டும் என்று, எங்கள் வீட்டில் பலன் தந்ததை எழுதுகிறேன்.

அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, இதை முதலில் மனதில் வையுங்கள். பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். செய்ய வேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் எழுந்து தொடங்குவதற்கு உந்துதல் கிடைப்பதில்லை. திட்டமிடுவதையும் தொடங்குவதையும் பார்த்துக்கொள்கிற மூளையின் முன்பகுதிக்கு டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருட்கள் தேவை. ஏடிஎச்டி உள்ளவர்களிடம் அந்த ஏற்பாடு வேறு மாதிரி இயங்குகிறது. பிடித்த வேலை, புதிய வேலை, தலைபோகிற அவசரம் என்றால் உந்துதல் தானாக வந்துவிடும். அதனால் "காயில் கட்டும்போது மட்டும் கவனம் இருக்கே?" என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு வலிக்கும். அதுவும் இதே இயல்பின் இன்னொரு பக்கம்தான்.

ஆகவே அறிவுரையால் இங்கே பயன் இல்லை. வேலை நடக்கிற இடத்திலேயே, நடக்கிற நேரத்திலேயே உதவி நிற்க வேண்டும்.

முதலில் இடம். கண்ணில் படாத பொருள் அவருக்கு இல்லாத பொருள். பீரோவுக்குள் வைத்த ரசீது அதோடு போயிற்று. எங்கள் வீட்டில் இப்போது ஆணி, கொக்கி, மூடியில்லாத தட்டு, இவைதான். வண்டிச் சாவிக்கு வாசல் நிலைக்குப் பக்கத்தில், அவர் கண் உயரத்தில் ஒரு கொக்கி. கொண்டுபோக வேண்டிய பொருளைச் செருப்பின் மேலேயே வைத்துவிடுவேன். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, அதனால் பழக்கமாகப் பதிய வாய்ப்பே இல்லை. ரீடிங் எடுத்த அன்றே, தினசரி காலண்டரில் கடைசித் தேதிக்கு நாலு தாள் முன்னால் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுகிறோம். தாள் கிழிப்பது அத்தையின், அதாவது என் மாமியாரின் வேலை. அவர் கிழிக்கத் தவறுவதே இல்லை.

அப்புறம் நேரம். அவருக்கு நேரம் "இப்போ", "இப்போ இல்லை" என்று இரண்டு வகைதான். "என்னங்க, கல்யாணத்துக்கு ஆறு மணிக்குக் கிளம்பணும்" என்றால் ஆறு மணிக்குத்தான் குளிக்கப் போவார். "அஞ்சு மணிக்குக் குளியல், அஞ்சரைக்குச் சட்டை, ஆறுக்கு வண்டி" என்று பின்னாலிருந்து பிரித்துச் சொன்னால் நடக்கிறது. போன் அலாரத்தை அணைத்துவிட்டு அந்த நொடியே மறந்துவிடலாம். அலாரம் அடித்ததும் எழுந்து நின்றுவிடுவது என்று அவரே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார், அது நன்றாக உதவுகிறது.

எல்லாவற்றிலும் கடினம் தொடங்குவதுதான். கடைக் கணக்கு நோட்டை எடுக்கவே அவருக்கு மலைப்பாக இருக்கும். நான் செய்வது ஒன்றே ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன். இன்னொரு ஆள் கூட இருந்தாலே அவர் கை வேலைக்குப் போய்விடுகிறது. ஏடிஎச்டி உள்ள பலர் இந்த வழியால் பயன் பெறுகிறார்கள். செலவில்லாத உதவி, தயவுசெய்து செய்து பாருங்கள்.

பேச்சைப் பொறுத்தவரை, அவர் காயிலின் டர்ன் (கம்பிச் சுற்று) எண்ணிக்கொண்டிருக்கும்போது எதையும் சொல்லாதீர்கள். "ம்" என்பார், ஆனால் ஒன்றும் உள்ளே போயிருக்காது. தோளைத் தொட்டு, திரும்பிப் பார்த்த பிறகு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். இரண்டாவது இருந்தால் வாட்ஸ்அப்பில் போடுங்கள். அவர் இடையில் குறுக்கிட்டுப் பேசினால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்போது சொல்லாவிட்டால் நழுவிவிடும் என்ற பதற்றம் அது.

சோம்பேறி, பொறுப்பில்லாதவன் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். சின்னக் கண்டிப்பும் ஆழமாகக் குத்தும், கோபமும் சட்டென்று ஏறும். அந்த நேரத்தில் வாதம் வேண்டாம். தணிந்த பிறகு பேசினால், தப்பு தன்னுடையது என்றால் அவரே ஒப்புக்கொள்கிறார்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். அவருக்கு மெத்தில்பெனிடேட் கொடுத்திருக்கிறார்கள். பசியைக் குறைக்கும் என்பதால் இட்லி சாப்பிட்ட பிறகே மாத்திரை. தாமதமாகப் போட்டால் இரவில் தூக்கம் வராது. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், எல்லாக் கடையிலும் இருக்காது. அட்டை தீரும் முன் வாங்கிவைப்பதை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது நல்லது. மாத்திரை எழுந்து தொடங்கத் துணைசெய்கிறது. கொக்கியும் காலண்டரும் அப்படியே வேண்டியிருக்கின்றன.

இன்னும் மருத்துவரைப் பார்க்காதவர்களுக்கு: இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சிரமம் தருகின்றனவா என்று விரிவாகக் கேட்பார்கள். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவையும் இதே மாதிரி தோன்றலாம் என்பதால் அவற்றையும் விசாரிப்பார்கள். பெண்களிடம் துறுதுறுப்பு வெளியே தெரியாமல் கவனச் சிதறல் மட்டும் இருப்பது அதிகம். அதனால் பலருக்குக் கண்டுபிடிக்காமலே போய்விடுகிறது. உங்கள் தங்கையையோ மகளையோ இதை வைத்தும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். குடும்ப வழியாக வலுவாக வருகிற விஷயம் இது.

போகும்போது பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். சிறுவயதிலிருந்து பார்த்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். எங்களுக்கு அத்தை வந்தார். "சின்னப் பிள்ளையில இருந்தே இவன் இப்படித்தான்" என்று அவர் சொன்னதை மருத்துவர் கவனமாகக் குறித்துக்கொண்டார். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.